எட்டாவது குறி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, அண்ணி மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்கத்தான் தாளை எடுத்தேன். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். இங்கே யாரும் நலமில்லை.

போன புதன்கிழமை காலை ரயில் யார்டில் என் வீட்டுக்காரருடைய வலது கை இரண்டு வேகன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். இனி இந்தக் கையால் என்ன வேலை செய்ய முடியும் என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இருபது வருஷமாக வேகனோடு வேகனை மாட்டுவதும் கழற்றுவதும்தான் இவர் தொழில். யார்டில் இவருக்குப் பெயரே 'கொக்கி'. அப்படிப்பட்டவர் கை போனது எனக்கு அழுகையாக வருகிறது. ஆனால் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. மறுநாள், மயக்கம் முழுசாகத் தெளியும் முன்பே, ரயில் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஒரு கையில் பழக்கூடை, மறு கையில் படிவம். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் இவருடைய இடது கைப் பெருவிரலில் மை. படிவத்தில் எழுதியிருந்தது இது: "வேகன்களை இணைக்கும் பூட்டைத் திறக்க வெளியே கைப்பிடி இருந்தும், அவசரப்பட்டு நானே உள்ளே கை விட்டேன். தவறு முழுவதும் என்னுடையது."

"என்ன சார் இது?" என்றேன்.

"சும்மா சம்பிரதாயம்தாம்மா. இது இருந்தாத்தான் ஆஸ்பத்திரிச் செலவு பாஸ் ஆகும்."

பழக்கூடையை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன். படிவத்தைத்தான் பிடுங்க முடியவில்லை.

நீ அதே கம்பெனியில் வேகன்களைப் பரிசோதிக்கிறவன். இவர்கள் குணம் உனக்குத் தெரியும். என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

தூக்கமில்லாத உன் தங்கை

பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

என் முதுகு கிடக்கட்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து அண்ணிக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள். பேண்டேஜை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றச் சொல்.

உன்னை எனக்குத் தெரியும். மூளைக்கு முன்னால் வாய் ஓடும். கோட்டுக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாதே. கைநாட்டு வைத்தது வைத்ததுதான். மாப்பிள்ளைக்கு லெவல் கிராஸிங் கேட்டிலோ சாமான் அறையிலோ ஒரு லேசான வேலை கேட்டு வாங்கலாம். நான் இப்போது தலைமைப் பரிசோதகர், போன மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. மேலே நான்கு பேரைத் தெரியும், பேசிப் பார்க்கிறேன்.

அந்த வேகன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னார்களா? எண் ஏதும் ஞாபகம் இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் இருவரையும் நினைத்தபடி,
அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள தலைமைப் பரிசோதகர் அண்ணனுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. அண்ணி இனி உன்னை வீட்டிலும் தலைமை என்றுதான் கூப்பிட வேண்டுமா? இவருக்குக் காய்ச்சல் இல்லை. புண் ஆறுகிறது. பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

எண் கேட்டாயே, 40617. இவருடைய கூட்டாளி நெட்டை சொன்னார். இவரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான். வேகனின் ஓரத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கினால் நடுவில் இருக்கும் பூட்டு திறந்துகொள்ள வேண்டும், ஆள் உள்ளே போகவே வேண்டியதில்லை. இதில் கைப்பிடி ஆடியதே தவிர பூட்டு அசையவில்லையாம். உள்ளே சங்கிலி அறுந்து, எவனோ ஒரு கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தானாம். என்ஜின்காரர் விசில் மேல் விசில் அடிக்கிறார். இவர் உள்ளே கை விட்டார். வேகன் நகர்ந்தது.

இப்போது கேள். எங்கள் பைண்டிங் கடைக்கு நீதிமன்ற நூலகத்திலிருந்து முதுகு கிழிந்த சட்டப் புத்தகங்கள் முப்பது வந்திருக்கின்றன. பன்னிரண்டு வருஷமாகப் புத்தகம் தைக்கிறேன், ஒன்றையாவது திறந்து படித்ததில்லை. பசை காயும் நேரத்தில் ரயில்வே தொழிலாளர் காயச் சட்டத்தைப் பிரித்தேன். வெளியிலிருந்து பூட்டைத் திறக்க முடியாத வேகனை ஓடவிட்டால், அதனால் வரும் காயத்துக்குக் கம்பெனியே முழுப் பொறுப்பு. தொழிலாளி கவனமில்லாமல் இருந்தான் என்ற வாதமே அங்கே எடுபடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முப்பது நாளுக்குள் வாங்கிய வாக்குமூலமும் செல்லாது. அச்சடித்து வைத்திருக்கிறார்கள் அண்ணா! அச்சடித்து, அலமாரியில் பூட்டி, கரையானுக்குப் போட்டிருக்கிறார்கள்.

மனுக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 24 விசாரணை. ஆனால் கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? கைப்பிடி அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது, மோதிய வேகத்தில்தான் உடைந்தது என்கிறது. வேகனையும் அவசர அவசரமாகப் பழுது பார்த்துவிட்டார்கள். முன்பே உடைந்திருந்தது என்று காட்டாவிட்டால் இவரைக் கவனமில்லாதவர் என்று வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். இந்தக் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

அந்த வேகன் உங்கள் யார்டு வழியாகத்தான் வந்திருக்கிறது. பழுதான வேகன் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி நிறுத்துவோம் என்று நீதானே சொல்வாய். வேகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓரமாக ஓய்வு கிடைக்கிறது! ஜனவரி கடைசி வாரத்துப் பரிசோதனை நோட்டைப் பார். யாராவது குறி போட்டிருந்தால் அந்த ஒரு வரி போதும்.

பதிலுக்காக வாசலையே பார்க்கும்,
தங்கை

மார்ச் 10

அண்ணா,

நீயும் அண்ணியும் நலம்தானே? கேட்கக் காரணம், மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே இப்போது சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விசாரணை என்ற வார்த்தை காதில் விழுந்தாலே, "விட்டுடு. தப்பு என்னோடதுதான். கேஸ வாபஸ் வாங்கு" என்கிறார். "கட்டுக்கம்பி கட்டி வச்சதும் நீங்கதானா?" என்று கத்தினேன். எழுந்து வெளியே போய்விட்டார். யார்டில் ஒருவரோடும் சண்டைக்குப் பின்வாங்காத மனிதர் இவர். எதற்காக இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நோட்டில் அந்த ஒரு வரி இருக்கிறதா, இல்லையா?

தங்கை

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நடுவில் எனக்கு நாலு நாள் சளிக் காய்ச்சல். அண்ணிக்கும் தொற்றிக்கொண்டது. புதுப் பதவியில் வேலை வேறு கழுத்தை நெரிக்கிறது. ஆறு பேருடைய நோட்டுகளையும் நானே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட ஜனவரி நோட்டைத் தேடினேன். உடனே கிடைக்கவில்லை. பழைய நோட்டுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். கிடைத்தாலும் அதை வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. ஒரு வரியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை அனுபவஸ்தர், அவர் சொல்வதைக் கேள். சாமான் அறை வேலைக்கு ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வேகனைப் பற்றி மாப்பிள்ளை வேறு ஏதாவது சொன்னாரா?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

சளி போய்விட்டதா? இஞ்சி போட்டு டீ குடி. எனக்கு மழுப்பல் கடிதம் எழுதாதே. நோட்டு 'உடனே' கிடைக்கவில்லை என்றால் மெதுவாகத் தேடு. உனக்கு நாள் இருக்கிறது, இவருக்குத்தான் விரல் இல்லை.

நெட்டையை நேற்றுக் கடைக்கே வரவழைத்துக் கேட்டேன். நிறையத் தயங்கினார். நான் பசைத் தூரிகையைக் கீழே வைக்காமல் நின்றதும் சொல்லிவிட்டார். அந்த வேகன் கதவில் பெருக்கல் குறி இருந்ததாம்! ஈரச் சாக்குத் துணியால் துடைத்தும் முழுசாகப் போகாமல் வெள்ளை படிந்திருந்ததாம். விபத்துக்குப் பிறகு, ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது இவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன் பிறகுதான் வாயை மூடிக்கொண்டாராம்.

அப்படியென்றால் ஒருவன் பார்த்திருக்கிறான். பழுது என்று தெரிந்துதான் குறி போட்டிருக்கிறான். பிறகு ஒருவன் அதைத் துடைத்து, போ என்று அனுப்பியிருக்கிறான். அந்தக் கை விளங்குமா அண்ணா? அவனுக்கு வீடு வாசல் கிடையாதா? அவன் தங்கச்சி புருஷன் அந்த வேகனைக் கழற்றப் போகிறான் என்று தெரிந்திருந்தால் துடைத்திருப்பானா? யார் அவன் என்று நீ கண்டுபிடித்துச் சொல். உன் யார்டு, உன் ஆட்கள், உனக்குத் தெரியாமல் இருக்காது.

ஆத்திரம் அடங்காத,
தங்கை

மார்ச் 30

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவும் நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் கை ஆறிவிட்டது. இதை நான் சொல்ல, நெட்டை எழுதுகிறான். வீட்டில் அவளுக்குத் தெரியாது.

பெருக்கல் குறி போடும்போது கீழ்க் காலில் சின்னதாக ஒரு சுழி சுழிப்பது உங்கள் பழக்கம். வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. துடைத்த பிறகும் அந்தச் சுழி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீங்களாகத் துடைத்திருக்க மாட்டீர்கள், யாரோ துடைக்க வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். யார்டில் நடப்பதுதான். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, இருப்பது நீங்கள் ஒருவர்தான். விரல் போனது போகட்டும், அவளுக்கு அண்ணனும் போக வேண்டாம். கேஸை எப்படியாவது வாபஸ் வாங்க வைக்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இது நெட்டை தானாக எழுதுவது. கொக்கியின் பெருந்தன்மை அவனோடு. எனக்கு அது கிடையாது. அவன் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கட்டுக்கம்பி வேகனில் உள்ளே போகப் போவது என் கை. அதையும் யோசித்துவிட்டு நிம்மதியாக இருங்கள் சார்.

ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆகவே கேட்கவில்லை.

துடைத்தவன் நான்தான்.

ஜனவரி 26 காலை அந்தச் சரக்கு ரயில் ரேக்கில் எட்டு வேகன்களில் குறி போட்டேன். யார்டு மாஸ்டர் போனில் கூப்பிட்டார். "ஏழுக்கு மேல ஒதுக்கினா ரேக் நேரத்துக்குக் கிளம்பாதுய்யா. மேலேர்ந்து என்னை வறுத்து எடுக்கறாங்க. எட்டுல ஒரு குறியை எடுத்துடு. எதுன்னு நீயே பாத்துக்க" என்றார். பிறகு, "உன் ப்ரமோஷன் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு" என்றார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரிதான் சொன்னார்.

எட்டையும் மறுபடி சுற்றி வந்தேன். ஒன்றில் சக்கரத்தில் விரிசல், மூன்றில் பிரேக், மற்றவற்றில் அச்சு. விட்டால் வண்டி கவிழும். 40617-இல் கைப்பிடிச் சங்கிலி மட்டும்தான். வண்டி ஓட அது தேவையில்லை, யாராவது உள்ளே கை விட்டுத் திறந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். இதே வார்த்தைகளில் நினைத்தேன். வண்டிக்கு எது ஆபத்து என்று பார்க்கத்தான் முப்பது வருஷம் என்னைப் பழக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு எது ஆபத்து என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சாக்குத் துணியை நனைத்துத் துடைத்தேன். கட்டுக்கம்பியைக் கட்டியதும் நான்தான், கைப்பிடி தொங்கி ஆடாமல் இருக்கட்டும் என்று.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எண்ணைப் பார்த்ததும் உறுதியானது. நோட்டு பரண்மேல் இல்லை, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. "40617, கைப்பிடிச் சங்கிலி பழுது, குறி" என்று ஒரு வரி. கீழே, "மேல் உத்தரவுப்படி குறி நீக்கம், 10.40" என்று இன்னொரு வரி. எதையும் எழுதி வைக்கும் என் பழக்கம்.

மாப்பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே தெரியும். என் குறியை அடையாளம் கண்டுகொண்டார். உனக்கு அண்ணன் இல்லாமல் போகக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தைப் படித்த பிறகும் ஒரு வாரம் இதை எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

அண்ணன்

ஏப்ரல் 13

24-ஆம் தேதி காலை பத்தரை மணி. தொழிலாளர் நீதிமன்றம், முதல் மாடி, மூன்றாவது அறை. நோட்டோடு வா.

இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து, என்னைக் காப்பாற்றுகிறோம் என்று என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவரை நேற்றுப் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். உனக்கு எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. வந்த வார்த்தைகளைத் தபாலில் அனுப்ப முடியாது.

மே 21

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனாய், பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் இடது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். அதற்குப் பதில் வைக்க என்னால் முடியவில்லை. கம்பெனி வக்கீல் என்னிடம், "சொந்தத் தங்கை வீட்டுக்காரர்ங்கறதாலதானே இப்படிப் பொய் சாட்சி சொல்றீங்க?" என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "தங்கை வீட்டுக்காரர்ங்கறதாலதான் இத்தனை நாள் உண்மையைச் சொல்லாம இருந்தேன்" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

நேற்று என்னை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. குறியைத் துடைத்ததற்காக இல்லை. அனுமதியில்லாமல் அலுவலக நோட்டை வெளியே எடுத்துப் போனதற்காக. துடைக்கச் சொன்ன யார்டு மாஸ்டர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அண்ணி அழுகிறாள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது, என் பாவம் இதோடு கழியட்டும். நான் எதுவும் செய்யப் போவதில்லை. தீர்ப்பு வந்தால் மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்

மே 28

அண்ணனுக்கு,

அண்ணியை அழ வேண்டாம் என்று சொல். இவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், சத்தம் போட்டுச் சண்டையும் போடுகிறார்.

தீர்ப்பு நேற்று வந்தது. கைநாட்டு வாங்கிய படிவம் செல்லாது. பழுது தெரிந்தே வேகனை ஓடவிட்டதால் முழுப் பொறுப்பும் கம்பெனியுடையது. செயற்கைக் கை, வாழ்நாள் உதவித்தொகை, குவார்ட்டர்ஸில் இருக்கும் உரிமை எல்லாம் உண்டு. உன் இரண்டு வரியைத் தீர்ப்பில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நெட்டை அந்த வரிகளை என்னை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நான் எண்ணை எழுதிய நாளிலிருந்து ஏழு வாரத்துக்கு மேல் உனக்குத் தெரிந்திருந்தது. அத்தனை நாளும் இந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், தப்பு என்னுடையது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விரலுக்குச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் பிரிவு இல்லை, நான் முப்பதையும் தேடிவிட்டேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது.

ஆனால் உன்னை நீக்கியது நியாயம் என்று எழுதினாயே, அதைப் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன நியாயம்? துடைத்தபோது பதவி உயர்வு, உண்மை சொன்னபோது வீட்டுக்குப் போ! இதை நீ தண்டனை என்று தலைகுனிந்து வாங்கிக்கொண்டால், நாளைக்கு எந்தப் பரிசோதகர் நோட்டை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருவார்? எந்தக் கொக்கிக்கு எவன் சாட்சி சொல்வான்? நீ செய்த தப்புக்குத் தண்டிக்க வேண்டியவள் நான், அந்தக் கோட்டுக்காரர்கள் இல்லை.

அதே காயச் சட்டத்தின் கடைசிப் பக்கம், பசை ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தது. ஆவி காட்டிப் பிரித்தேன். விபத்தைப் பற்றி உண்மை சொன்ன ஊழியரை அதற்காக நீக்கினாலோ இறக்கினாலோ அந்த உத்தரவு செல்லாது, நீக்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. உன் பெயரில் மனு எழுதிவிட்டேன். துடைக்கச் சொன்ன யார்டு மாஸ்டரையும் அதில் இழுத்திருக்கிறேன். நீ துடைத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதே முதல் மாடி, மூன்றாவது அறை. நாங்கள் இரண்டு பேரும் முன்னாலேயே வந்திருப்போம். என்னோடு பேச்சுக் கொடுக்காதே, பதில் வராது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்.

தங்கை